முப்பது மடங்கு வெளிச்சமா, பதினைந்து மீட்டர் ஆழமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மலையேற்றம், ஆறு, படகு என்று சுற்றுகிற ஆள் நான். கையில் இருக்கிற காசுக்கு ஒரு கேமராதான் வாங்க முடியும். தண்ணீரில் முக்கினாலும் கீழே போட்டாலும் தாங்குகிற ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 வாங்கவா, இல்லை ஒரு காலத்தில் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் தோளில் தொங்கிய நிக்கான் டி700-ஐப் பழையதாக வாங்கவா? இரண்டுமே 12 மெகாபிக்ஸல்தானே, அப்புறம் 2008-இல் வந்ததைவிட 2019-இல் வந்தது நன்றாகத்தானே இருக்க வேண்டும்?"

மெகாபிக்ஸல் இரண்டிலும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. டி700-இன் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்குகிற சில்லு, பழைய ஃபிலிம் அளவு, 36-க்கு 23.9 மி.மீ. டிஜி-6-இன் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 860-க்கு 28. முப்பது மடங்கு வித்தியாசம். இரண்டிலும் அதே ஒரு கோடியே இருபது லட்சம் பிக்ஸல்கள்தான், ஆனால் பெரியதில் ஒரு பிக்ஸலின் பக்கம் ஏறக்குறைய 8.45 மைக்ரான், சின்னதில் 1.55 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). மெகாபிக்ஸல் என்கிற எண் எத்தனை கட்டங்கள் என்று மட்டும்தான் சொல்கிறது, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்று அது சொல்வதே இல்லை.

ஒளி போட்டான்கள் என்கிற துகள்களாக வருகிறது, சிலிக்கானில் மோதி எலக்ட்ரானைக் கிளப்புகிறது, கேமரா அந்த எலக்ட்ரான்களை அளந்து எண்ணாக்குகிறது. ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கிய ஒளிமின் விளைவின் நெருங்கிய உறவுதான் இது, பள்ளியில் படித்ததுதான், தாண்டிவிடலாம். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது.

சாயங்காலம், விளக்குப் போடாத அறை, வெறும் வெள்ளைச் சுவர். இரண்டு கேமராவிலும் ஒரே ஷட்டர் வேகம், ஒரே அப்பர்ச்சர் (எஃப் எண், லென்ஸின் குவியதூரத்தைத் துவாரத்தின் அகலத்தால் வகுத்தது) வைத்து அந்தச் சுவரைப் படமெடுத்து, கணினியில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர் முழுக்க ஒரே வெள்ளை, எல்லாப் பிக்ஸலும் ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். காட்டாது. மணல் தூவியது போல ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருக்கும், டிஜி-6-இல் அது கண்ணை உறுத்தும். உடனே எல்லோரும் பழிபோடுவது கேமராவின் எலக்ட்ரானிக்ஸ் மேல்தான். எலக்ட்ரானிக்ஸுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு ஒளியினுடையது. போட்டான்கள் அட்டவணை போட்டுக்கொண்டு வருவதில்லை, ஒன்று வந்ததற்கும் அடுத்தது வருவதற்கும் சம்பந்தமே கிடையாது. அதனால் சராசரியாக 100 போட்டான் விழவேண்டிய இடத்தில் ஒரு பிக்ஸலில் 93 விழும், பக்கத்தில் 108, அதற்கடுத்து 101. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100-க்கு 10, அதாவது 10 சதவீதம். அதே சுவருக்கு அதே நேரத்தில் டி700-இன் பிக்ஸலில் 3,000 விழுந்திருக்கும், அதன் வர்க்கமூலம் 55, இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரே சுவர், ஒரே வெளிச்சம், பிசிறு மட்டும் ஐந்தரை மடங்கு வித்தியாசம்.

பிரம்மாவே உட்கார்ந்து சென்சார் செய்தாலும் வந்து சேராத போட்டானை எண்ண முடியாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பை, ஏற்றினால் படம் பிரகாசமாகிறதே என்றால், அது ஏற்கெனவே கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுவது. பிசிறும் சேர்ந்து பெருகும்.

இதை நான் ரசிப்பதற்குக் காரணம் வேறு. பிசிறு ஒரு தொந்தரவு என்றே எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் அதுவேதான் எத்தனை போட்டான் வந்தது என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறது. பிசிறு 10 சதவீதம் என்றால் அதைத் தலைகீழாக்கி வர்க்கப்படுத்துங்கள்: 100. இரண்டு சதவீதம் என்றால் 2,500. கேமரா தரும் எண் எந்த அலகில் இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் சதவீதத்துக்கு அலகு கிடையாது. சுவரின் கறையும் விளக்கின் சாய்வும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க ஒரே மாதிரி இரண்டு படம் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலத் தரவாக, இருக்க வேண்டும், முழுக்கறுப்புக்குக் கேமரா தரும் எண்ணை முதலில் கழித்துவிட வேண்டும், பச்சை வடிகட்டி போட்ட பிக்ஸல்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. கழித்த படத்தில் இரண்டு படங்களின் பிசிறும் சேர்ந்திருக்கும், ஆகவே வரும் பிசிறை இரண்டின் வர்க்கமூலத்தால், 1.41-ஆல், வகுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்துக்குள் எத்தனை எலக்ட்ரான் கிளம்பியது என்பதைப் பழைய கேமராவும் வெள்ளைச் சுவரும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சொல்லிவிடலாம். விண்வெளித் தொலைநோக்கிகளின் சென்சார்களைச் சோதிக்கிறவர்கள் செய்வதும் இதன் முறைப்படுத்திய வடிவத்தைத்தான்.

சரி, பதினோரு வருட முன்னேற்றம் ஒன்றுமே இல்லையா? உண்டு. பழைய சென்சாரில் மின்கம்பிகள் ஒளி வருகிற பக்கம் ஓடுகின்றன, வருகிற போட்டான்களில் ஒரு பகுதி அவற்றில் மோதி வீணாகிறது. புதிய சின்ன சென்சார்களில் கம்பிகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். எலக்ட்ரானிக்ஸின் சொந்தப் பிசிறும் குறைந்திருக்கிறது. எல்லாம் சேர்த்துத் தாராளமாக இரண்டு மடங்கு என்று வைத்தாலும் முப்பது மடங்கு பதினைந்தாகிறது, அதாவது ஏறக்குறைய நான்கு இரட்டிப்பு. டிஜி-6-இல் ஐஎஸ்ஓ 400-இல் தெரிகிற பிசிறை டி700-இல் பார்க்க 6400 வரை போக வேண்டியிருக்கும். உச்சிவெயிலில் எடுத்துக் கைப்பேசித் திரையில் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், வெளிச்சம் அள்ளிக் கொட்டும்போது சின்னப் பிக்ஸலுக்கும் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது.

இடையில் ஒரு புலம்பல். இந்த இரண்டு கேமராவிலும் இருப்பது சிமாஸ் வகைச் சென்சார். விண்கலங்களின் கேமராக்களைச் சிறிதாக்க வேண்டும் என்று 1990-களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் செய்த வேலையில் இருந்து வளர்ந்தது அது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கிற எல்லாக் கைப்பேசியிலும் அதன் வாரிசுதான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ராக்கெட் ஏவும்போதும் "இந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது செய்திருக்கலாமே" என்று எழுதுகிறவர்கள், அதையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

இப்போது டி700 போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ரசிகர்கள் சொல்ல மறக்கிற ஒன்று. ஒரு பொருளில் இருந்து எவ்வளவு வெளிச்சத்தை அள்ளுகிறோம் என்பதைத் தீர்மானிப்பது கடைசியில் லென்ஸின் துவாரம். டிஜி-6-இன் அகலக்கோணத்தில் குவியதூரம் 4.5 மி.மீ., எஃப் 2, ஆகவே துவாரம் 2.25 மி.மீ. மட்டுமே. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அது 28 மி.மீ. ஆனால் காசு மிச்சம் என்று டி700-இல் எஃப் 4, எஃப் 5.6 என்று இருக்கிற இருட்டு ஜூம் ஒன்றை மாட்டினீர்கள் என்றால் நாம் கணக்கிட்ட நான்கு இரட்டிப்பில் இரண்டு மூன்று அங்கேயே போய்விடும். சின்னக் கேமராவில் கை நடுக்கத்துக்கு ஏற்ப சென்சாரையே அசைத்துச் சமன்செய்கிற ஏற்பாடு வேறு இருக்கிறது, டி700-இன் உடலில் அது இல்லை. ஆக அசையாத பாறையையும் கோபுரத்தையும் கையில் பிடித்து எடுப்பதென்றால் பெரிய கேமரா தோற்றாலும் தோற்கும். ஓடுகிற குழந்தை, பறக்கிற பறவை என்றால் அந்த ஏற்பாடு உதவாது, அங்கே போட்டான்தான் பேசும்.

சின்னக் கேமராவில் ஜூமை முழுக்க நீட்டினால் எஃப் 4.9. அந்தச் சின்னத் துவாரத்தில் விளிம்பு விளைவால், அதாவது துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், ஒரு புள்ளி 6.6 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது, நான்கு பிக்ஸல் அகலம். ஜூம் செய்த படம் ஏன் கொஞ்சம் சவசவ என்று இருக்கிறது என்று கேட்டால் இதுதான் பதில், கூர்மையாக்குகிற மென்பொருள் இதற்கு மேல்பூச்சுதான்.

இனி தண்ணீர். இந்த வகைக் கேமராக்களில் ஜூம் செய்தால் வெளியே எதுவும் நீளாது, கவனித்திருப்பீர்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டகம் ஒளியை 90 பாகை திருப்பி உடம்புக்குள்ளேயே செங்குத்தாக அனுப்புகிறது, லென்ஸ்கள் அங்கே மேலும் கீழும் நகர்கின்றன. 2002-இல் மினோல்டா டிமாஜ் எக்ஸ் என்ற மெல்லிய கேமராவில் வந்த யோசனை இது, மெலிவுக்காகச் செய்தது தண்ணீருக்கு வாகாக அமைந்துவிட்டது. வெளியே அசைகிற பெரிய பாகம் இல்லாததால் பொத்தான்களையும் மின்கலக் கதவையும் மட்டும் அடைத்தால் போதும்.

கதவை அடைப்பது ரப்பர். இதிலும் ஒரு அழகு உண்டு. ரப்பர் அடைப்பைச் சரியாக வடிவமைத்தால் தண்ணீரின் அழுத்தமே அதை இடுக்கில் இன்னும் இறுக்கமாக அழுத்தும், ஆழம் கூடக்கூடப் பிடியும் கூடும். 15 மீட்டரில் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கூடுதல் அழுத்தம், அதைத் தாங்கும் கேமரா முழங்கால் தண்ணீரில் செத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தலைமுடி அல்லது மணல்துகள். முடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும், அது ரப்பருக்குக் குறுக்கே கிடந்தால் இரு பக்கமும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியது போல. குளிரில் ரப்பர் விறைத்தால் இடுக்கை நிரப்பாது, 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததும் அப்படித்தான், இயற்பியலாளர் ஃபெயின்மன் ஒரு ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி அதை எல்லோர் முன்னாலும் காட்டினார்.

டி700-இலும் ரப்பர் அடைப்புகள் உண்டு, ஆனால் அவை தூறலுக்கும் தூசுக்கும். முக்குவதற்கு இல்லை, அதுவும் பதினைந்து வருடத்துக்கு மேலான ரப்பரை நம்பி மழையில் நிற்க நான் தயாரில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தண்ணீருக்குள் சில மீட்டர் போனாலே சிவப்பு ஒளி உறிஞ்சப்பட்டுவிடும், பத்து மீட்டரில் பெரும்பாலும் நீலமும் பச்சையும்தான். எந்தக் கேமராவால் அங்கே போக முடியுமோ அதற்குத்தான் போட்டான் பற்றாக்குறை. ஃப்ளாஷ் போடலாமே என்றால் இன்னொரு வம்பு.

சின்னக் கேமராவில் ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் மிதக்கிற தூசு, சாரல், தண்ணீருக்குள் சேறு, எல்லாவற்றிலும் அது பட்டு நேராகத் திரும்பி வரும். அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது, ஆகவே ஒவ்வொரு துகளும் வெளிறிய வட்டமாகப் பதியும். துவாரம் சின்னதாக இருப்பதால் வட்டம் அதிகம் பரவாமல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசமாக நிற்கும். பெரிய கேமராவில் ஃப்ளாஷ் தள்ளி இருப்பதால் லென்ஸுக்கு அருகே உள்ள துகள் மேல் வெளிச்சம் அதிகம் படாது. இந்த வட்டங்களைத்தான் ஆவி என்றும் தெய்வசக்தி என்றும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அந்த வட்டம் உங்கள் லென்ஸ் துவாரத்தின் உருவம்தான். சந்தேகமிருந்தால் பழைய போர்வை ஒன்றை உதறிவிட்டு இருட்டில் ஃப்ளாஷ் போட்டு எடுங்கள், எத்தனை ஆவி வேண்டுமானாலும் வரும்.

கேட்டவருக்கு என் பதில் டிஜி-6. ஆற்றில் இறங்கும்போது பையிலேயே கிடக்கிற டி700-இன் பிக்ஸலில் ஒரு போட்டானும் விழப்போவதில்லை, அது வெறும் உடம்பே ஏறக்குறைய ஒரு கிலோ, இது கால் கிலோ. சின்ன சென்சாருக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருக்கிற எறும்பையும் இதில் ஃபோகஸ் செய்யலாம். ரா கோப்பாக எடுங்கள், முடிந்தவரை ஜூம் செய்யாமல் எஃப் 2-இலேயே இருங்கள், தண்ணீரில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், கதவை மூடுவதற்கு முன் ரப்பரை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நீங்கள் தண்ணீர்ப் பக்கமே போகாத ஆள், எடுப்பது மாலை நேரத்து முகங்கள், மேடைகள், விளையாட்டு என்றால் எதிர்ப் பதில்: டி700, கூடவே 50 மி.மீ. எஃப் 1.8. அதில் வீடியோ கிடையாது, நினைவட்டை காம்பாக்ட் ஃப்ளாஷ் என்ற பழைய வகை, கார்டு ரீடரைத் தேடி வாங்க வேண்டும். ஷட்டரை ஒன்றரை லட்சம் சொடுக்குக்குச் சோதித்திருக்கிறார்கள், ஆகவே விற்கிறவரிடம் கடைசியாக எடுத்த ஒரு படத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினால் இதுவரை எத்தனை சொடுக்கு என்ற எண் அதற்குள்ளேயே இருக்கும்.