பனியைத் துளைக்காத விளக்கு

போகி விடியலில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: பாதை தெரியவில்லையே என்று ஹை பீம் போட்டால் இன்னும் மோசமாக மறையும். காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு வரும் பிக்கப் ஓட்டுநருக்கு முன்னால் நிற்கும் கன்டெய்னர் லாரி தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மார்கழிக் கடைசியில் இரவு தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிட, மேலே சூடான காற்று மூடியாக நின்றுவிடுகிறது. பழைய பாயும் டயரும் எரிந்த புகைக்கு வெளியேற வழியில்லை. கடலோர ஈரம் அந்தப் புகைத்துகள்களின் மேல் படிந்து நீர்த்துளியாகிறது. துகள்கள் அதிகமானால் இருக்கிற ஈரத்தை அவை பங்கிட்டுக்கொள்வதால் துளிகள் சிறியவையாகவும் ஏராளமாகவும் அமைகின்றன. அதே அளவு நீர் முன்னிலும் கெட்டியாகப் பார்வையை மறைக்கிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்டதும் இத்தகைய புகைமூட்டத்தால்தான்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துச் செல்லும் என்று உதிரிபாகக் கடைகளில் உறுதியாகச் சொல்வார்கள். துளைக்காது. பனித்துளியின் விட்டம் 10 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். அலைநீளத்தைவிடத் துளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறுகின்றன. பனி வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். மஞ்சளில் நீல ஒளி குறைவு என்பதால் சிலருக்குக் கண்கூச்சம் குறையலாம். அவ்வளவே.

ஃபாக் லைட், அதாவது பனிமூட்டத்துக்கென்று தனியாகப் பூட்டும் விளக்கு, வேலை செய்வது நிறத்தால் அல்ல, ஒளி விழும் திசையால். ஓட்டுநரின் பார்வைக் கோட்டில் உள்ள துளிகளில் ஒளி பட்டால் அது கண்ணுக்கே திரும்பி வரும். அந்தத் துளிகளில் படாமல் ஒளி தாழப் போனால் சாலை தெரியும். ஆகவே விளக்கு பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து அரை மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒளி அகலமாகப் பரவி, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும். இழை சூடாகி ஒளிரும் ஹாலஜன் பல்புக்கு வடிவமைத்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் அந்த விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கைப் பம்பரில் பூட்டுவது எளிது. அக்கறை வேண்டியது ஒயரில். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதை 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயர் வழியாக, டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்பி 4 மீட்டர் ஓடவிட்டால், வழியிலேயே 1.3 வோல்ட் போய்விடும். கேட்கச் சிறிய இழப்புதான். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் இழையின் வெப்பநிலையும் குறைகிறது. ஹாலஜனின் ஒளி அதைவிட வேகமாகச் சரிந்து, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுடன் நின்றுவிடும்.

சுவிட்சைக் காப்பாற்றுவது ரிலே. அதன் 85, 86 முனைகளுக்கு நடுவே ஒரு சுருள் இருக்கிறது. சுவிட்ச் அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் சுருள் காந்தமாகி, உள்ளிருக்கும் தகட்டை இழுத்து 30, 87 முனைகளைச் சேர்க்கிறது. பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து அந்த வழியே நேராக விளக்குக்குப் போகிறது. சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தால், அதை அணைக்கும்போது ஃபாக் லைட்டும் அணைந்துவிடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கு முந்தைய ஒயர் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் உரசித் தோல் உரிந்தால், பேட்டரி அதில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தீப்பிடிக்க அது போதும்.

திருவொற்றியூர், காசிமேடு பக்க வண்டிகளுக்குக் கூடுதல் எதிரி உப்பு. கடற்காற்று ஒருபுறம், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மறுபுறம். வெறும் டேப் சுற்றிய இணைப்பைச் சில மாதங்கள் கழித்துப் பிரித்தால், செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தொட்டாலே பொடியாக உதிரும். உள்ளே பசையுள்ள பிளாஸ்டிக் குழாய் உறையை (ஸ்லீவ்) இணைப்பின் மேல் சூடாக்கிச் சுருக்கினால் ஈரம் நுழையாது. விளக்கை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் எர்த் ஒயரையும், பெயின்ட் சுரண்டிய இடத்தில் லக் எனப்படும் உலோக வளையம் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். துருப்பிடித்த எர்த்தில் இழக்கும் வோல்ட்டும் வெளிச்சத்திலிருந்துதான் கழியும்.

கடைசியாகக் கோணம். சமதரையில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அரை மீட்டர் உயர விளக்கானால் அந்த விளிம்பு சுமார் 37 மீட்டரில் தரையைத் தொடும். ஆனால் பிக்கப் பாரம் ஏற்றும் வண்டி. முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்றால், பாரத்தில் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே மூக்கு 2 சதவீதம் நிமிர்ந்துவிடும். சரிசெய்த இறக்கமோ 1.3 சதவீதம்தான். ஒளி சாலையைத் தொடாமல் மேல்நோக்கிப் போய், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். எனவே விடியலில் மீனோடுதான் ஓடப்போகிறது என்றால், அந்தச் சுமையை ஏற்றி நிறுத்தி, சுவரைப் பார்த்து, பிறகு விளக்கின் கோணத் திருகை இறுக்குங்கள்.