‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

எங்கள் மருத்துவமனைகளில் ‘ட்ராமா’ என்று சொன்னால் ஸ்ட்ரெச்சர்தான் ஓடி வரும். தலைக்காயம், எலும்பு முறிவு, இரத்தம். மனத்துக்கும் காயம் உண்டு என்பதை எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். ஆனால் அதை அடையாளம் காணக் கண் பழகவில்லை.

மனநல மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருவர் ஒருநாள் என்னிடம் ஓ.பி. சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். (நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாற்பதைத் தாண்டிய பெண். ஆறு வருடமாக நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை. இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரி. இரவில் தூங்கவைக்க ஒரு அல்பிரசோலம் மாத்திரை. ‘பயந்த கோளாறு’ என்று ஊரில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். அன்று இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது, அது இறுகிய நொடியில் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். சீட்டில் மாணவி எழுதியிருந்தது: ‘ஒத்துழைக்கவில்லை.’

“கட்டுவதற்கு முன் அவரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“பிபி பார்ப்பதற்குமா மேடம் சொல்ல வேண்டும்?”

அந்தக் கேள்வியில் எகத்தாளம் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் மனநலப் பிரிவுக்குக் கிடைப்பது இரண்டு வாரம். எம்.டி.யின் மூன்று ஆண்டுகளில் மருந்துகள் மனப்பாடமாகிவிடுகின்றன. உளச்சிகிச்சை தேர்வுக்கு வரும் கேள்வியாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

அடுத்த முறை மாணவி சரிசெய்யப் பார்த்தார். கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டார். குடித்துவிட்டு வந்த கணவர் அந்தக் கையைத்தான் முறுக்கிப் பிடிப்பாராம். அவர் இறந்து நான்கு வருடமாகியும் கை மறக்கவில்லை. அந்த அம்மா அழுது தீர்த்துவிட்டுப் போனார். ‘மனம் திறந்துவிட்டார் மேடம்’ என்று மாணவிக்கு ஒரே பெருமை. பிறகு ஐந்து வாரம் அவர் வரவேயில்லை.

எனக்கு அதில் வியப்பில்லை. நானும் இளம் வயதில் இதே தவறைச் செய்திருக்கிறேன். கட்டியைக் கீறிவிட்டால் சீழ் வடிந்து ஆறிவிடும் என்று அறுவைச் சிகிச்சை அறையில் கற்ற பாடத்தை மனத்துக்கும் பொருத்திப் பார்ப்பது மருத்துவர்களுக்கே உரிய கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மனக்காயத்திலிருந்து மீள்வதை 1992இல் மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மனிதர்களோடு மீண்டும் இணைதல். முதல் கட்டம் எல்லோருக்கும் தேவையா, எத்தனை நாள் தேவை என்பதில் துறைக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நேராக நினைவுக்குள் இறங்கும் சிகிச்சைகளும் நன்றாகவே பலன் தருகின்றன. ஆனால் அவை என்ன நடக்கப்போகிறது என்று நோயாளிக்கு முன்பே விளக்கி, அவர் சம்மதித்த பிறகு, பெரும்பாலும் 90 நிமிட அமர்வுகளாக, இறங்கியவரை மேலே ஏற்றிவிட்டே அனுப்பும் பயிற்சி பெற்ற கைகளால் நடப்பவை. ஆர்வத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது அந்த வகையில் சேராது.

மாத்திரைப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அதிர்ச்சிச் சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காகப் பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் பென்சோடயசபைன் வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லிவிட்டது. அல்பிரசோலம் அந்த வகைதான். விபத்தோ தீவிபத்தோ நடந்த அன்றிரவே ‘தூங்கட்டும்’ என்று எழுதிக்கொடுப்பது கருணைதான். சிகிச்சையாகாது.

இதெல்லாம் மனநல மருத்துவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணிடம் ‘இரு விரல் பரிசோதனை’ (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது) செய்வது அவரது உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022இல், அதைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கையே இரண்டாவது காயத்தைத் தர முடியும் என்பதை நீதிபதிகள் எங்களுக்குச் சொல்லும்படி ஆகியிருக்கக் கூடாது.

இரண்டு நாள் பயிலரங்கு, ஸ்லைடுகள், சாப்பாடு, சான்றிதழ் என்று முடியும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. நடக்கும் சிகிச்சையை மூத்தவர் ஒருவர் வாராவாரம் கூட இருந்து பார்ப்பதுதான் கற்றுத்தருகிறது. 1950களில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களை வட்டமாக உட்காரவைத்து, தங்களை உறுத்தும் நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். கையில் குறிப்பேடு இருக்கக் கூடாது. நாங்கள் வியாழன் மாலையில் அப்படி உட்காருகிறோம். அந்த மாணவி இந்த நோயாளியைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். என்ன பேசினார் என்பது அந்த அறைக்குள் இருக்கட்டும். ஏன் அவ்வளவு அவசரப்பட்டு எல்லாவற்றையும் கேட்டார் என்பது அன்று அவருக்கே புரிந்தது.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நோயாளி எந்தச் சமயமோ அதற்கேற்ற செபத்தையே மனத்தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தியதை மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். மந்திரித்த கயிற்றைப் பார்த்துச் சிரிப்பவரால் இந்தச் சிகிச்சையைக் கற்க முடியாது.

ஆறாவது வாரம் அந்த அம்மா வந்தார். “அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று நாள் உலை வைக்கவில்லை டாக்டரம்மா” என்றார். மாணவி மன்னிப்புக் கேட்டார். நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டார். பழையதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தூக்கம், சமையல், மகளின் பள்ளிக்கூடம், இவ்வளவுதான் பேச்சு. அடுத்தடுத்து வந்தபோதும் அப்படியே. நான்காவது அமர்வில் பிபி பட்டையை அவர் கையிலேயே கொடுத்து, “நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள் அம்மா. போதும் என்றால் உடனே காற்றை இறக்கிவிடுகிறேன்” என்றார். அவர் மற்றக் கையில் சுற்றிக்கொண்டார்.

164/100. இருவரும் பழைய சீட்டுகளைப் புரட்டினார்கள். ஆறு வருடமாக, எத்தனையோ மருத்துவர்களின் கையெழுத்தில், எல்லாவற்றிலும் 120/80 என்றே இருந்தது.