இந்த வரியை யார் பார்க்கிறார்கள்?

சிறுகதை, நாவல் பிரதிகளைச் செம்மையாக்கித் தருவது என் தொழில். ஒரு பிரதி வந்ததும் பென்சிலோடு உட்கார்ந்து முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வரியை யார் பார்க்கிறார்கள்? எழுத்துப்பிழையெல்லாம் அப்புறம்.

ஒரு பிரதியில் இப்படி ஓர் இடம் வந்தது. மருமகள் சமையலறையில் நிற்கிறாள். வீட்டை விற்கப்போவதாகக் கூடத்தில் மாமனார் சொல்வது அவள் காதில் விழுகிறது. 'இனி எங்கே போவது என்று அவள் மனம் பதறியது. அவள் முகம் வெளிறியது. இவளிடம் முன்பே சொல்லியிருக்கலாமோ என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.'

மூன்றும் பிழையில்லாத வாக்கியங்கள். ஆனால் முதல் வரியில் அவள் மனதுக்குள் இருந்த நாம், இரண்டாவதில் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கிறோம். தன் முகம் வெளிறுவது அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதில் மாமனாருக்குள்ளேயே போய்விட்டோம். அவர் ஏன் மறைத்தார் என்ற கேள்விதான் அந்தக் கதையை இழுத்துக்கொண்டு போனது. ஒரே வரியில் அது தீர்ந்துவிட்டது.

"படர்க்கையில்தானே எழுதினேன், எல்லார் மனதையும் சொல்லலாமே?" என்று கேட்டார் எழுதியவர். பலரும் குழம்பும் இடம் இது. தன்மையா படர்க்கையா என்பது இலக்கணம். யாருடைய கண், யாருடைய மனம் என்பது வேறு கேள்வி. படர்க்கையில் எழுதிக்கொண்டே ஒருவர் மனதுக்குள் மட்டும் கடைசிவரை நிற்கலாம். எல்லாம் அறிந்த கதைசொல்லியும் தாராளமாக வரலாம். ஆனால் அவர் குரல் முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் எட்டிப் பார்த்தால் வாசகருக்குக் கால் இடறும்.

தன்மையில் எழுதுபவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பத்து வயதில் அனுபவித்த 'நானும்' நாற்பது வயதில் சொல்கிற 'நானும்' ஒருவரல்ல. எந்த வயதின் குரல் என்பதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு, கூடுதல் ஆபத்தும் உண்டு. நம் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'அப்பா வந்தார்', 'பெரியவர் வந்தார்', 'கிழவன் வந்தான்': வந்தவர் ஒருவர்தான், பார்க்கிறவர்கள் மூன்று பேர். கணவன் மேல் இருந்த மரியாதை போய்விட்டது என்று விளக்கி ஒரு பத்தி எழுத வேண்டாம். அவள் பார்வையில் போகும் கதையில் 'வந்தார்' ஒருநாள் 'வந்தான்' ஆனாலே போதும். இதையே கவனக்குறைவாகச் செய்தால் பாத்திரமே சிதைந்துவிடும்.

வருவதும் போவதும் அப்படித்தான். 'அறைக்குள் வந்தான்' என்றால் நாம் அறைக்குள் இருக்கிறோம். 'அறைக்குள் போனான்' என்றால் வெளியே நிற்கிறோம். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. பிரதியைத் திருத்தும்போது இந்த வினைகளை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். கதைக்குள் எங்கே நிற்கிறோம் என்பது பிடிபட்டுவிடும். 'நாம்', 'நாங்கள்' வரும் இடங்களையும் பாருங்கள். ஒன்று வாசகரைச் சேர்த்துக்கொள்ளும், மற்றது வெளியே நிறுத்தும்.

அந்தக் காட்சி முழுவதையும் மருமகளின் கண் வழியாக மட்டும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. 'கையிலிருந்த தட்டு கனத்தது. மாமா சமையலறை வாசல்வரை வந்தார். அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.'

அவருடைய குற்றவுணர்வு அந்தச் சுவரைப் பார்க்கும் பார்வையிலேயே வந்துவிட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். நான் சொல்லாமலே, பிரதி முழுக்க 'மாமனார்' என்றிருந்தது 'மாமா' என்று மாறியிருந்தது.