வானவில்லின் அடிக்குப் போக முடியுமா?

வானவில் தரையைத் தொடும் இடத்தில் தங்கக் குடம் இருப்பதாக அயர்லாந்துக் கதைகளில் வருகிறதே, அந்த இடத்துக்குப் போய் நிற்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியாது. கைக்கு எட்டாததன் பின்னால் அலைபவரை 'வானவில்லைத் துரத்துகிறவர்' என்று மேல்நாட்டார் கேலி செய்வார்கள். இயற்பியல்படி பார்த்தாலும் அது அச்சு அசலான கேலிதான்.

மழைத்துளிக்குள் நுழையும் ஒளி விலகும், நிறம் பிரியும், பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும், மறுபடி விலகி வெளியே வரும். இது பள்ளியில் படித்ததுதான். சில பாடப்புத்தகங்கள் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புவதை முழு அக எதிரொளிப்பு, அதாவது ஒளி கொஞ்சமும் வெளியேறாமல் முழுவதும் திரும்புவது, என்று சொல்லிக்கொடுப்பது மட்டும் தவறு. வெளியிலிருந்து உருண்டைத் துளிக்குள் புகுந்த கதிர் பின்பக்கத்தில் அதற்குத் தேவையான மாறுநிலைக் கோணத்தைத் தாண்டவே தாண்டாது. அதனால் பெரும்பகுதி ஒளி அந்தப் பக்கமாகவே வெளியேறிவிடுகிறது. திரும்பி வரும் சொச்சத்தில்தான் இத்தனை அழகும்.

சரி, துளி உருண்டையாக இருக்கும்போது ஒளி எல்லாக் கோணத்திலும் அல்லவா திரும்ப வேண்டும்? 42 டிகிரியில் மட்டும் எப்படி வில் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

துளியின் ஆரத்தை 100 பங்காக வைத்துக்கொள்வோம். நட்டநடுவில் படும் கதிர் வந்த வழியே திரும்பிவிடும். நடுவிலிருந்து 50 பங்கு தள்ளிப் படுவது 28 டிகிரி விலகித் திரும்பும். 60-இல் பட்டால் 33 டிகிரி. 80-இல் 41. 86-இல் 42. அதற்கு மேல்? ஏறுவது நின்றுவிடுகிறது! 90-இல் நாற்பத்தொன்றரை, 95-இல் 38, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நுழைந்தால் வெறும் 14 டிகிரி. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் சற்றுத் தயங்குமே, அதே கதைதான். உச்சிக்குப் பக்கத்தில் கோணம் அதிகம் மாறுவதில்லை. 50-க்கும் 60-க்கும் இடையில் நுழைந்த கதிர்கள் 5 டிகிரிக்குப் பரவிப்போக, 80-க்கும் 90-க்கும் இடையில் நுழைந்தவை ஒரே ஒரு டிகிரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அந்த நெரிசல்தான் வானவில். சிவப்புக்கு உச்சம் 42-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, ஊதாவுக்கு நாற்பதரைக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மற்ற கதிர்கள் எல்லாம் 42-க்கு உள்ளேதான் விழ முடியும் என்பதால், வில்லின் உட்பக்க வானம் வெளிப்பக்கத்தைவிட வெளிச்சமாக இருக்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தியோடரிக், பாரசீகத்தில் அல்-ஃபாரிசி, இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே, கண்ணாடி உருண்டையில் தண்ணீர் நிரப்பி அதையே ராட்சத மழைத்துளியாக வைத்து ஒளியின் பாதையைக் கண்டுபிடித்தார்கள். இந்த நெரிசலை ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போட்டு 1637-இல் வெளியிட்டவர் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்.

இந்த 42 டிகிரியை எங்கிருந்து அளப்பது? சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து. கையை நன்றாக நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு சாண். ஆக, வில்லின் மையம் உங்கள் நிழலோடு கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும், வேறு துளிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகள் அனுப்பும் வேறு வில். வானத்தில் இந்திர வில்லைக் கண்டால் யாருக்கும் காட்டாதே என்கிறது மனுஸ்மிருதி. வீண் கவலை. உங்கள் வில்லை இன்னொருவருக்குக் காட்டவே முடியாது. அவரவர் வில் அவரவருக்கு. குழந்தைகளைக் கூப்பிட்டுக் கை நீட்டிக் காட்டுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

சூரியன் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உங்கள் தலை நிழலின் திசை கீழே இறங்கும். அதனால் சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வில் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். சென்னையில் டிசம்பர் மாத உச்சிவேளையில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதனால் நண்பகல் மழையில் நம் ஊர்த் தெருவில் நின்று வானவில்லைத் தேடுவது நேர விரயம். காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே.

42 என்பது மழைநீருக்கான கணக்கு. கடல்நீரில் ஒளி இன்னும் கொஞ்சம் கூடுதலாக விலகுவதால் அலைத்தூவலில் தோன்றும் வில் சற்றுச் சிறியது. அப்படியானால் வில்லைப் பார்த்தே துளி எந்தத் திரவம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? வெள்ளிக் கோளில் அதைத்தான் செய்தார்கள். அங்கிருந்து வரும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, 1920-களில் பிரான்சின் வானியலாளர் பெர்னார் லியோ பொறுமையாக அளந்து வைத்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'இதனால் என்ன பயன்?' என்று மூன்று ஆண்டுக் கெடு வைக்கும் இன்றைய குழுக்கள் அவருக்குக் காலணா கொடுத்திருக்காது. ஹான்சன், ஹோவெனியர் என்ற இருவர் அந்த அளவுகளையும் பின்னால் வந்தவற்றையும் வைத்து, அதில் ஒளிந்திருந்த வானவில்லின் தடயத்தை 1974-இல் கணக்கிட்டார்கள். ஒளியைத் துளி எவ்வளவு விலக்குகிறது என்று சொல்லும் விலகல் எண் தண்ணீருக்குரிய 1.33 அல்ல, 1.44. துளியின் ஆரம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவு. வெள்ளியின் மேகங்கள் அடர் கந்தக அமிலம்.