பிரிண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் காலாண்டுக் கணக்கு

கடலூரில் கணினியும் பிரிண்டரும் பழுது பார்த்துப் பிழைக்கிறவனுக்கு, ஒரு பொருள் தானாகக் கெட்டால் எப்படி இருக்கும் என்பது கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்று பட்டுச் செம்பு பச்சை பூத்திருக்கும். 2015 வெள்ளத்தில் நனைந்த கருவிகளைத் திறந்தபோது உள்ளே சேறு காய்ந்து கிடந்தது. ஓடி ஓடித் தேய்ந்த ரோலர் வழவழத்துப்போய்க் காகிதத்தைப் பிடிக்காது. இவற்றுக்கெல்லாம் யாரையும் நொந்துகொள்ள முடியாது. ஆனால், இப்போது கடைக்கு வரும் கருவிகளில் கணிசமானவை இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றின் பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். கருவி மட்டும் வேலை செய்ய மறுக்கும்.

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் ஒரு திங்கட்கிழமை, மனு அடிக்கவும் ஆதார் நகல் எடுக்கவும் ஆட்கள் நெருக்கும் நேரத்தில், மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடை அம்மா ஒருவரின் பிரிண்டர் நின்றுவிட்டது. "சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு தம்பி" என்றார். கழிவு மையை உறிஞ்சும் பேடின் ஆயுள் முடிந்துவிட்டது, சேவை மையத்தை அணுகவும் என்று திரையில் அறிவிப்பு வந்திருந்தது. இவ்வகைப் பிரிண்டர், மை தெளிக்கும் ஹெட்டைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மையை வெளியேற்றும். அதை வாங்கிக்கொள்ள அடியில் ஒரு பேட் இருக்கும். பேட் உண்மையில் நனைந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் எதுவும் அந்தக் கருவியில் இல்லை. இத்தனை முறை துடைத்தால் இவ்வளவு மை போயிருக்கும் என்று அது மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்து, எண் வரம்பைத் தொட்டதும் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. திறந்து பார்த்தபோது பேடின் ஒரு பக்கம் மட்டுமே கறுத்திருந்தது. மறுபக்கம் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது. பேடை மாற்றி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கியதும் பிரிண்டர் எதுவும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது.

பேட் நிரம்பி வழிந்தால் மேசையும் காகிதமும் பாழாகும் என்பது உண்மைதான். வரம்பு வைத்த பொறியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரிண்டரைச் செய்த நிறுவனமே, விலை கூடிய மாதிரிகளில் இந்தப் பேடைத் தனிப் பெட்டியாக்கி, வாடிக்கையாளரே கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறது. எப்படிச் செய்வது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் மலிவான மாதிரியில் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இந்த முடிவைப் பொறியாளர்கள் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை; விலையையும் அடுத்த காலாண்டின் விற்பனையையும் கணக்குப் பார்க்கிறவர்கள் எடுத்ததாகவே தோன்றுகிறது.

அந்தக் கணக்கைச் சிலர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். எச்.பி. நிறுவனத்தின் சில பிரிண்டர்கள் 2016 செப்டம்பரில், பிற நிறுவனங்களின் மை கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. மென்பொருள் வழியாக அந்தத் தடை புகுத்தப்பட்டிருந்தது. 2024 ஜனவரியில் அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி என்ரிக்கே லோரெஸ், பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தங்களுக்கு ஒரு முதலீடு என்றும், அவர் தங்கள் மையை வாங்காவிட்டால் அது மோசமான முதலீடு என்றும் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே கூறினார். காசு கொடுத்து வாங்கியவர் நாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய பேரேட்டில் நம் பெயர் வேறு பக்கத்தில் இருக்கிறது.

பழைய பேட்டரி உள்ள ஐஃபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஃபோன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக அது சொன்ன காரணம் தொழில்நுட்பப்படி நியாயமானதே. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லாததற்காக 2020இல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரியை மாற்றினாலே போதும் என்று தெரியாமல், ஃபோனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புது ஃபோன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

தலைமையின் நோக்கம் மாறினால் பொருளின் தரம் எவ்வளவு தூரம் சரியலாம் என்பதற்கு, என் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத போயிங்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1997இல் மெக்டொனல் டக்ளஸ் என்ற இன்னொரு விமான நிறுவனத்துடன் இணைந்த அந்நிறுவனம், 2001இல் தலைமையகத்தை விமானம் கட்டும் சியாட்டலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றிக்கொண்டது. 2013க்கும் 2019க்கும் இடையில் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 4,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. புதிய 737 மேக்ஸுக்கு விமானிகள் சிமுலேட்டர் பயிற்சி எடுக்க வேண்டிவந்தால், விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஒரு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தமே போட்டிருந்தது. அந்த விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் மென்பொருள், பொருத்தப்பட்டிருந்த இரண்டு சென்சார்களில் ஒன்றை மட்டும் நம்பி இயங்கியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். பிரிண்டர் நின்றால் மனுதான் தாமதமாகும் என்றாலும், இரண்டிலும் முடிவு எடுக்கப்பட்ட விதம் ஒன்றுதான் என்பது என் கருத்து.

இதனால் இலாபமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் கடை நடத்துகிறவன்தான். கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல், கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மை டப்பா வைத்து டியூப் இழுத்து ஓட்டத் தொடங்கியபோது, அதைப் பார்த்து எப்சன் நிறுவனமே 2010இல் இந்தோனேசியாவில், மையை நேராக ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் விலகிப் போக வழி இருந்ததால்தான் நல்ல பொருள் வந்தது. அந்த வழியை, கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும் சிப்பாலும் மாதச் சந்தாவாலும் அடைத்த பிறகு, தரத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதில்லை.

ஆகவே பிரிண்டர் வாங்கும்போது அதன் விலையை மட்டும் பார்க்காமல், கார்ட்ரிட்ஜ் அல்லது டோனரின் (லேசர் பிரிண்டருக்கான மைத்தூள்) விலையை அது தரும் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள்; 4,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பிரிண்டரின் உண்மை விலை அப்போது தெரியும். டோனரில் சிப் உண்டா, ரீஃபில் செய்ய முடியுமா, கழிவு மைப் பேடைக் கழற்ற முடியுமா என்று விற்பவரிடமே கேளுங்கள். நன்றாக ஓடும் பிரிண்டரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஃபோனிலும் கணினியிலும் பாதுகாப்பு அப்டேட்டை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

உதிரிபாகமும் பழுதுபார்க்கும் விவரமும் கிடைக்க உதவ, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. நிறுவனம் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பில்லையும், திரையில் வந்த அறிவிப்பின் படத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். எங்களைப் போன்றவர்களிடம் கருவியைக் கொண்டுவருவதற்கு முன்பே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். நாங்கள் ரீசெட் செய்துவிட்டால் அந்த அறிவிப்பு திரையிலிருந்து மறைந்துவிடும்.