இரண்டு கையும் கிட்டாரில் இருந்தால் பெட்டியை யார் நிறுத்துவது?

"அண்ணா, புது மெஷின், வாங்கி ரெண்டு கிழமைதான் ஆச்சு, அதுக்குள்ள கிக் செத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு போன சீசனில் ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். கையில் ஒரு சின்ன ட்ரம் மெஷின், அடியைப் பதிந்து வைத்து ஓட விடும் பெட்டி. நான் என் ஹெட்போனைச் செருகிக் கேட்டேன். கிக் என்கிற கனமான 'தும்' அடி இருக்கிறது, ஸ்நேர் என்கிற கூர்மையான 'டப்' அடி இருக்கிறது, எல்லாமே கணீரென்று இருக்கிறது. "எந்த வயர்ல போட்டீங்க?" என்று கேட்டதும் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ ஜாக், மறுமுனையில் பெரிய ஸ்டீரியோ ஜாக். அந்த இடத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

மிக்சரில் இருக்கும் பெரிய ஜாக் ஓட்டை பெரும்பாலும் பலன்ஸ்ட் வகை. அது ஜாக்கின் நுனியில் வருவதிலிருந்து அடுத்த வளையத்தில் வருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும், நீளமான வயரில் ஏறும் இரைச்சலை ஒழிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ட்ரம் மெஷினின் ஹெட்போன் ஓட்டையில் நுனி இடது பக்கம், வளையம் வலது பக்கம். கிக்கும் ஸ்நேரும் நடுவில் இருப்பவை, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூச்சியம். ஓரமாக வைத்த சிம்பலும் கைதட்டலும் மட்டும்தான் வெளியே கேட்கும். அந்தத் தம்பி இரண்டு கிழமையாகக் கடற்கரையில் வெறும் சிம்பலுக்குப் பாடியிருக்கிறார். ஒரு சின்ன ஜாக்கிலிருந்து இரண்டு பெரிய மோனோ ஜாக்காகப் பிரியும் வயரைக் கொடுத்து, மிக்சரில் இரண்டு செனலில் போடச் சொன்னேன். கிக் வந்துவிட்டது.

திருகோணமலையில் கிட்டத்தட்ட இருபது வருடமாகச் சவுண்ட் போடுவதும் இந்த மாதிரிச் சாமான்களைத் திருத்துவதும்தான் என் தொழில். கோவில் திருவிழா, தேவாலயம், கல்யாண வீடு, சீசன் காலத்தில் நிலாவெளி ஹோட்டல்கள் என்று எல்லாவற்றுக்கும் போகிறேன். பழுது என்று கொண்டுவரும் சின்ன ட்ரம் மெஷின்களில் உண்மையாகவே பழுதானவை குறைவு. பெட்டி நன்றாகத்தான் இருக்கும், வாங்கியவருடைய வேலைக்கு அது பொருந்தாது. சேர்த்து வைத்த காசில் வாங்கிவிட்டு முகம் வாடி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் பலர் ட்ரம் மெஷின் என்று கேட்கும்போது மனதில் வைத்திருப்பது ரோலண்ட் ஒக்டபாட். கல்யாண மேடையில் குச்சியால் தட்டுவார்களே, எட்டு பாட் உள்ளது, அது. அதை ஒரு ஆள் வாசிக்க வேண்டும். ட்ரம் மெஷின் என்பது நாம் முன்கூட்டியே அடியைப் பதிந்து வைத்துவிட்டு ஓட விடுவது. ஒக்டபாட் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ட்ரம் மெஷின் வாங்கிக் கொடுத்தால் அது ஒரு கிழமையில் அலுமாரிக்குள் போய்விடும்.

சரி, ட்ரம் மெஷின்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி: வாசிக்கும்போது உங்கள் கை சும்மா இருக்குமா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், விலை குறைந்த, கையில் கொண்டு திரியக்கூடிய பெட்டிகளில் பலவற்றில், காலால் மிதித்து மெஷினை நிறுத்தும் கால் சுவிட்ச் செருகும் ஓட்டை கிடையாது. கோர்க் வொல்கா பீட்ஸ் 2013இல் வந்தது, டீனேஜ் எஞ்சினியரிங்கின் பொக்கெட் ஒபரேட்டர் பிஓ-12 2015இல் வந்தது, இந்த வகையில் பெயர்போனவை இவை இரண்டும், இரண்டிலும் அது இல்லை. மேசையில் வைத்துக் கையால் விளையாடுவதற்குச் செய்தவை அவை, அந்த வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் கிட்டார் வாசித்துப் பாடுகிறவருக்குப் பாட்டு முடியும் இடம் வந்ததும் என்ன நடக்கிறது? கடைசி கோர்ட்டை அடித்துவிட்டு வலது கையை எடுத்துப் பெட்டியைத் தேட வேண்டும், அதற்குள் மெஷின் இன்னும் ஒரு சுற்று அடித்துவிடும். இல்லாவிட்டால் கொஞ்சம் முன்னாலேயே கையை எடுக்க வேண்டும், அப்போது கிட்டார் நின்றுவிடும், ட்ரம் மட்டும் தனியாக ஓடும். நான் மிக்சருக்குப் பின்னால் நின்று இதை எத்தனையோ இரவுகளில் பார்த்திருக்கிறேன். சில பேருக்காக நான் மிக்சரில் அந்த செனலைச் சட்டென்று இறக்கியும் கொடுத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார். தனியாக மேடையேறுகிறவர் என்றால், பழைய பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, கால் சுவிட்ச் ஓட்டை உள்ளதைத் தேடுங்கள். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

இரண்டாவது கேள்வி, என்ன பாட்டு வாசிப்பீர்கள். இந்தச் சின்னப் பெட்டிகளில் ஒரு பட்டேர்னுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று அடிக்கு, 16 படி என்பது வழமை. நாலு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நாலு துண்டு. ஆங்கிலப் பொப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டில் பாதிக்கும் இது போதும். ஆனால் நம் ஊர்க் கல்யாண வீட்டில் பைலா இல்லாமல் இரவு முடியுமா? பைலா ஓடுவது 6/8இல், அதாவது ஆறு எண்ணிக்கையில், ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் அதற்கு 12 படி வேண்டும். 16 படியை மாற்ற முடியாத பெட்டியில் பைலாவைப் போட முயன்றால் அடி நொண்டும், ஆடுகிறவர்களின் கால் உடனே கண்டுபிடித்துவிடும். பக்திப் பாட்டுக்குப் போனால் ரூபகம் 3 எண்ணிக்கை, நாலு நாலாகப் பிரித்தால் அதுவும் 12. மிஸ்ர சாபு 7, இரட்டித்தால் 14. கண்ட சாபு 5, இரட்டித்தால் 10. ஆதி தாளம் 8 அட்சரம், நுணுக்கமாகப் போட 32 படி வேண்டும், அதற்கு இரண்டு பட்டேர்னை அடுத்தடுத்துக் கோர்க்கும் வசதி இருக்க வேண்டும். வொல்கா பீட்ஸில் வேண்டாத படிகளை அணைத்துவிட்டு 12, 14 என்று ஓட விடலாம். ஆகவே வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "இதில 12 படியில ஒரு சுற்றுப் போட்டுக் காட்டுங்க." காட்ட முடியாவிட்டால், இணையத்தில் அந்தப் பெட்டியின் கையேட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பஜனை பாடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திருவெம்பாவைக் காலத்தில் ஒரு பஜனைக் குழுவுக்குச் சவுண்ட் போட்டேன். மிருதங்கக்காரர் வரமுடியாமல் போனதால் ஒருவர் ட்ரம் மெஷின் கொண்டுவந்திருந்தார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பஜனை என்றால் போகப் போகக் காலம் ஏறும், கைத்தாளம் போடுகிறவர்கள் ஏற்றிவிடுவார்கள், அதுதானே பஜனையின் உயிர். மெஷின் ஏறவில்லை. அந்தப் பெட்டியில் வேகத்தை மாற்ற ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்ப வேண்டும், இருட்டில் அவர் அதைத் தேடுவதற்குள் பாட்டு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். பிறகு நானே அதை நிறுத்தச் சொன்னேன், வெறும் கைத்தாளத்தோடு பாடினார்கள், அருமையாக இருந்தது. ஆள் பாடுவதைக் கேட்டு மெஷின் பின்னால் வராது. வேகத்துக்கென்று தனியாக ஒரு திருகு வெளியே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான பெட்டிகள் நிறைய ரோலண்ட் டிஆர்-808இன் சத்தத்தை அடியொற்றியவை. அந்த மெஷின் 1980இல் வந்து 1983இல் நின்றுபோனது. அது உண்மையான ட்ரம் மாதிரிக் கேட்காது, அதனால் அந்தக் காலத்தில் பெரிதாக எடுபடவில்லை. பிறகு அதைப் பழசாக மலிவு விலைக்கு வாங்கிய ஹிப்ஹொப் ஆட்கள்தான் அதற்குப் பெயர் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருந்தால் கொண்டாட்டம்தான். ஆனால் டோலக், தபேலா, தவில் என்று எதிர்பார்த்து வாங்கினால் அவற்றில் அந்த ஒலிகள் இருக்காது. சொந்தமாக ஒலியை ஏற்றக்கூடிய சாம்பிளர் வகை வேறு, விலையும் வேறு. கடைசியில் ஏமாறாமல் இருக்க, வீடியோவில் கேட்டதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே வயரில் நேரடியாக எடுத்த சத்தத்தை நீங்கள் நல்ல ஹெட்போனில் கேட்கிறீர்கள். பெட்டியில் இருக்கும் பிஸ்கட் அளவு ஸ்பீக்கரில் கிக்கின் அடிப்பகுதி வரவே வராது, டொக் டொக் என்று மேசையைத் தட்டுவது போலத்தான் இருக்கும். புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் ஒரு படிக்கு 125 மில்லி செக்கன்தான். சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் பெரும்பாலும் அதைவிடக் கூடவே பிந்தும். ஓட விட்டுக் கேட்டுக்கொண்டே பாடலாம், ஆனால் விரலால் தட்டி வாசித்தால் நீங்கள் தட்டிய அடி அடுத்த படியில் வந்து விழும். வயர்தான் சரி.

அடுத்தது அடப்டர். என் மேசையில் உண்மையாகவே எரிந்து வரும் பெட்டிகள் அனேகமாக இதனால் வருபவைதான், ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். பல பெட்டிகளோடு அடப்டர் வராது, தனியாக வாங்க வேண்டும். அப்போது நம் ஆட்கள் பல முனைகள் உள்ள யுனிவர்சல் அடப்டர் ஒன்றை வாங்கி, 9 வோல்ட்டில் வைத்து, பொருந்தும் முனையைத் தேடிச் செருகிவிடுவார்கள். 9 வோல்ட் சரி, ஆனால் நடு முனை பிளஸா மைனஸா? கிட்டார் பெடல்களுக்கு வழமையாக நடு முனை மைனஸ். கோர்க் வொல்காவுக்கு நடு முனை பிளஸ். மாற்றிக் கொடுத்தால், பாதுகாப்புக்கு டயோட் போட்டிருந்தால் அதோடு போகும், சின்னச் செலவு. போடாத பெட்டி என்றால் உள்ளே ரெகுலேட்டரும் அதற்கு அப்பாலுள்ளதும் சேர்ந்து போகும், திருத்தும் செலவுக்குப் பழையது ஒன்று வாங்கிவிடலாம். சில பழைய மெஷின்களுக்கு டிசியே கூடாது, ஏசி அடப்டர்தான் வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் அதன் இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் குறியும் இருக்கும். அதே படம் அடப்டரிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய அடப்டர் என்றால் அது 230 வோல்ட்டைத் தாங்குமா என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பற்றரியில் ஓடுவதுதான் இந்தப் பெட்டிகளின் பெரிய நன்மை, மறுக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பற்றரியில் ஓடியது மட்டும்தான் சத்தம் போட்டது. ஆனால் வொல்காவுக்கு ஆறு பென்டோர்ச் பற்றரி வேண்டும், ஒரு செட் சுமார் 10 மணி நேரம். தினமும் வாசிக்கிறவருக்கு மாதக் கடைசியில் அது ஒரு நல்ல தொகை. சார்ஜ் பண்ணும் பற்றரி போடலாம், அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஆறும் சேர்த்து 7.2தான் வரும், அந்தப் பெட்டி அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். கடற்கரையில் வாசிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். உப்புக் காற்றில் அந்தச் சுருள் கம்பி பச்சை பிடிப்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மழைக் காலத்தில் மாதக் கணக்காக உள்ளேயே விட்டால் பற்றரியும் கசியும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கொஞ்சம் வினாகிரியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் சரிவரும்.

இவ்வளவும் சொல்லியதால் வாங்கவே வேண்டாம் என்கிறேன் என்று எடுக்காதீர்கள். கிட்டார் பழகும் பிள்ளைக்கு, சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பார்க்கிறவருக்கு, இரவில் வீட்டார் தூங்கும்போது ஹெட்போனில் அடி அமைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைப் போல ஒரு நல்ல சாமான் இல்லை. என்னிடம் ஒரு மாணவி வந்தார், வயலின் படிக்கிறவர், பழைய பெட்டி ஒன்றை நான் துடைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் வாசித்துக் காட்டியபோது காலப்பிரமாணம் அசையவே இல்லை. முன்பெல்லாம் கடினமான இடம் வந்தால் தானாக மெதுவாகிவிடுவாராம், மெஷின் மெதுவாகாது என்பதால் அந்த இடத்தைத் தனியாக எடுத்துப் பழக வேண்டி வந்ததாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. ஹெட்போன் சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லி அனுப்பினேன், கிக் நன்றாகக் கேட்க வேண்டுமென்று கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் காதைக் கெடுத்துவிடும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் கையில் இருக்கிற போனில் இலவச ட்ரம் மெஷின் அப் ஒன்றைப் போட்டு ஒரு மாதம் பழகிப் பாருங்கள். போனைப் பிளேன் மோடில் வைத்துவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்து அடி நின்றுவிடாது. ஒரு மாதத்துக்குப் பிறகும் தினமும் திறக்கிறீர்கள் என்றால் பெட்டி வாங்குவது வீண் போகாது, திருகும் பட்டனும் விரலில் படுவது தனிச் சுகம்தான். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால் தளத்தில் காட்டும் விலையோடு நிற்காமல், தபால் செலவு, இங்கே வந்ததும் 18 வீத பெறுமதி சேர் வரி, மற்ற சுங்கக் கட்டணம், வயர், அடப்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகைக்குக் கால் சுவிட்சோடு ஒரு பழைய நல்ல பெட்டி உள்ளூரிலேயே கிடைக்கலாம்.

உப்புவெளித் தம்பி அப்படித்தான் செய்தார். சின்னப் பெட்டியை வீட்டில் பாட்டுக் கட்ட வைத்துக்கொண்டு, மேடைக்குப் பழைய பெரிய மெஷின் ஒன்றை எடுத்தார், ஒரு கால் சுவிட்சை நான் பொருத்திக் கொடுத்தேன். வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்க விரும்பினால் தாராளமாக வாருங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல் வயரையும் அடப்டரையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.