கொல்லைப் பட்டறைக்குத் தனி மீட்டர்: எப்போது வேண்டும், எப்படி வாங்குவது

வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, அதில் மரவேலையோ, லேத் வேலையோ, சுவாமிமலைப் பக்கம் என்றால் சிலைக்கு ராவி பாலிஷ் போடும் வேலையோ செய்பவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டு மெயின் போர்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். இழுப்பது அரை நாள் வேலைதான், ஆனால் அந்தக் கரண்ட் எந்த உபயோகத்துக்குப் போகிறது என்பதை அதற்கு முன்னாலேயே தீர்மானித்துவிட வேண்டும், ஏனென்றால் ஈபிக்காரர்கள் பார்ப்பது அதைத்தான்.

கொட்டகையில் இருப்பது உங்கள் வீட்டுக்கான டிரில்லும் கட்டிங் மிஷினும்தான், வெளி வேலை எதுவும் வாங்கிச் செய்வதில்லை என்றால் அது வீட்டு உபயோகம். வீட்டு இணைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். செய்த பொருளை விற்கிறீர்கள், கூலிக்கு வேலை எடுக்கிறீர்கள் என்றால் அது தொழில், அதற்குத் தனி சர்வீஸ் வேண்டும். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 3-ஏ(1) என்று ஒரு கட்டணப் பிரிவு இருக்கிறது. 12 கிலோவாட் வரை, அதாவது ஏறக்குறைய 16 எச்பி வரை அதில் வாங்கலாம். ஒரு சின்னப் பட்டறைக்கு இது தாராளம். பொருள் எதுவும் தயாரிக்காமல் விற்பனை மட்டும் செய்யும் இடம் என்றால் அது கடைக்கான ஐந்தாம் பிரிவுக்குப் போய்விடும்.

தனி சர்வீஸ் என்றால் செலவு கூடுமே என்று பயந்துதான் பலர் வாங்காமல் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு வீடு 300 யூனிட், பட்டறை 500 யூனிட் என்று வையுங்கள். எல்லாமே வீட்டு மீட்டரில் ஓடினால் 800 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி 100 இலவசம் போக 4,770 ரூபாய் வருகிறது, ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரைக்கான 2.35 ரூபாய்ப் படியே காணாமல் போகிறது, 600-க்கு மேல் யூனிட்டுக்கு 9.45 ஆகிறது. பிரித்து வைத்தால் வீட்டுக்கு 705 ரூபாய், பட்டறைக்கு 3-ஏ(1)-இல் யூனிட்டுக்கு 4.80 வீதம் 2,400, ஆக மொத்தம் 3,105. இதற்கு மேல் பட்டறை இணைப்புக்குக் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் மின்வரியும் உண்டு. மூன்று நான்கு கிலோவாட் உள்ள சின்னப் பட்டறைக்கு அதையும் சேர்த்தாலும் தனி மீட்டர்தான் லாபம்.

நெசவாளர்களுக்கு இது வேறு. திருபுவனம் மாதிரி ஊர்களில் வீட்டிலேயே தறி போட்டிருப்பவர்களுக்குக் கைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். 2023-க்கு முன்பு அது 200-ஆக இருந்தது.

வீட்டு இணைப்பிலேயே பட்டறை ஓட்டி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவு, எந்த உபயோகத்துக்கென்று கொடுக்கப்பட்டதோ அதை விட்டு வேறொன்றுக்கு மின்சாரம் எடுத்தால், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடச் சொல்கிறது. எப்போதிலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். வயலில் இருக்கும் பம்புசெட் இணைப்புக்கும் இதேதான். அது விவசாயத்துக்கென்று இலவசமாக வருகிற மின்சாரம், மோட்டார் கொட்டகை பக்கத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்து வெல்டிங் மிஷின் ஓட்டாதீர்கள். அப்படி நோட்டீஸ் வந்துவிட்டால் சும்மா இருக்கக் கூடாது, ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். இறுதி உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் போட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.

விண்ணப்பம் மின்வாரியத்தின் இணையதளத்திலேயே. இடம் உங்களுடையது என்பதற்குப் பத்திரமோ வரி ரசீதோ வேண்டும். குறுந்தொழில் என்று காட்ட, மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டு ஒயரிங்கும் பட்டறை ஒயரிங்கும் எந்த இடத்திலும் ஒன்று சேராமல் தனித்தனியாக இருக்க வேண்டும். அதைத்தான் பார்வையிட வருபவர் முதலில் தேடுவார்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கோயில் மனையிலும் மடத்து மனையிலும் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இங்கே ஏராளம், மனை கோயிலுடையது, மேலே நிற்கும் வீடு நம்முடையது. உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் சர்வீஸே கிடைக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம். சம்மதம் கிடைக்காவிட்டாலும், சட்டப்படி அந்த இடத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, பிரச்சினை வந்தால் நானே பொறுப்பு என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்டினால் இணைப்பு வாங்க மின் பகிர்மான விதிகளில் வழி இருக்கிறது. மனை வாடகை ரசீதுகளை எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஒயரிங் செய்பவர் உரிமம் பெற்றவராக இருக்கட்டும். பட்டறைக்குத் தனி மெயின் சுவிட்ச், தனி எர்த், கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் தருவார்கள்) வேண்டும். ஆர்சிடி புது இணைப்புகளுக்குக் கட்டாயம், கட்டாயமாக இல்லாவிட்டாலும் நான் போடத்தான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் ஊர் நம்முடையது. அதனால் ஒயரைத் தரையில் கிடத்தவோ, தகரக் கூரையில் உரசவிடவோ, துணி காயப்போடும் கம்பியில் சுற்றவோ கூடாது. குழாய்க்குள் ஆழமாகப் புதைத்தோ, கம்பம் நட்டு உயரத்திலோ கொண்டுபோங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் எத்தனை கம்பங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் கம்பத்தைவிடப் புதைப்பதையே விரும்புவார்கள், செலவு கொஞ்சம் கூடுதல்தான்.

எல்லாத் தாளும் சரியாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் நாள் கணக்கு அவர்களுடையது. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2024 திருத்தத்துக்குப் பிறகு, நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று வைத்திருக்கின்றன. புதிதாக லைன் இழுக்கவோ டிரான்ஸ்பார்மர் வைக்கவோ தேவைப்பட்டால் இது நீளும். தாமதமானால் விண்ணப்ப எண்ணோடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் பதியுங்கள். அதிலும் நடக்காவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுத்தில் மனு போடுங்கள், அங்கேயும் தீராவிட்டால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்.